சைகோன் நாற்காலி

என் வீட்டுக் கூடத்தில் யாரும் உட்காராத நாற்காலி ஒன்று இருக்கிறது. குட்டைக் கால்கள், உயர்ந்த முதுகு, பிரம்பு பின்னிய இருக்கை. கிறிஸ்தவக் கோயிலில் போடுவதற்கென்றே செய்த நாற்காலி அது. திருப்பிப் போட்டு இருக்கையில் முழந்தாளிட்டால், முதுகின் மேற்பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு ஜெபிக்கலாம். முதுகின் நடுவில் சிறகு விரித்த புறா ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். பின்னங்கால் ஒன்று மட்டும் வேறு மரம். நிறம் ஒட்டாமல் தனியாகத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண் போகும். உட்காரப் போனால், "அது வேணாம், இங்க வாங்க" என்று சோபாவைக் காட்டுவேன். பழைய சாமான், உடைந்துவிடும் என்று நான் பயப்படுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

அது என் தாத்தாவின் நாற்காலி. அம்மாவின் அப்பா. சைகோன் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்தவர். வேலை முடிந்து, அப்போது பிரஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் முத்தியால்பேட்டைக்குத் திரும்பி வந்தபோது மற்றவர்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்தார்கள். தாத்தா இந்த நாற்காலியைக் கொண்டுவந்தார். கப்பலில் அதற்குத் தனி இடம் கேட்டுச் சண்டை போட்டதாக அம்மா சொல்வாள். ஆனால் கொண்டுவந்த நாற்காலியைக் கோயிலுக்கு எடுத்துப் போகாமல், பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி அறை மூலையில் வைத்துவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்நாளில் எங்கள் கோயிலில் பீடத்துக்கு அருகே சில குடும்பங்களின் நாற்காலிகள் கிடக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் குடும்பப் பெயர் பொறித்த பித்தளைத் தகடு அடித்திருக்கும். தொப்பி போட்டவர்கள், பிரஞ்சு பேசியவர்கள், அவர்களோடு சம்பந்தம் செய்துகொண்டவர்கள் அவற்றில் உட்காருவார்கள். நாங்களெல்லாம் பின்னால், தரையில், பாயில். இப்படித்தான் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதி ஒட்ட வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

ஐம்பத்து நாலில் கொடி மாறியது. பிரஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதும் தாத்தா அந்த வேட்டியை உருவி எடுத்தார். நாற்காலியை எண்ணெய் போட்டுத் துடைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டு மாட்டிக்கொண்டு, நாற்காலியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தெரு வழியே நடந்தார். எனக்கு அப்போது நாலு வயதுதான். ஆனாலும் அந்த நடை எனக்கு நினைவிருக்கிறது. அல்லது அம்மா சொல்லிச் சொல்லி நினைவாகிவிட்டது. கோயிலில் கடைசி நாற்காலி வரிசைக்கும் பின்னால், எங்கள் பாய்களுக்கு முன்னால், யாருடைய இடத்தையும் பிடிக்காமல் அதைப் போட்டு உட்கார்ந்தார். தகடுகூட அடிக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர், "பாத்தியா, கொடி மாறுனா எல்லாம் மாறும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இரண்டு முறை காப்பி வாங்கிக் குடித்தாராம்.

சில வாரங்கள்தான். ஒரு ஞாயிறு காலையில் நாங்கள் போனபோது அந்த இடம் காலியாக இருந்தது. அடைமழைக் காலம் அது. கோயில் பின்புறம், கிணற்றடியில், நாற்காலி தலைகீழாகக் கிடந்தது. இரவெல்லாம் நனைந்து பிரம்பு ஊறித் தொய்ந்துபோயிருந்தது. ஒரு கால் முறிந்திருந்தது. தாத்தா கோட்டோடு மழையில் நின்று அதைப் பார்த்தார். பிறகு நிமிர்த்தி, தண்ணீரை வடித்து, மறுபடி தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். போகும்போது பார்த்த அதே தெரு, வரும்போதும் பார்த்தது.

அன்றிலிருந்து தாத்தா கோயிலில் உட்காரவில்லை. நாற்காலி இல்லை, பாயிலும் உட்கார மாட்டார். "ஆண்டவருக்கு முழந்தாள் போடுவேன். மத்தபடி நிப்பேன்" என்றார். வாசலருகே தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்துத் தூணை ஒட்டி நின்றுகொண்டே முழுப் பூசையும் பார்ப்பார். அவருக்கு முழங்கால் வீக்கம். மணியடிக்க, பீடத்தில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது மெல்ல இறங்கி முழந்தாளிடுவார். திரும்ப எழுவதற்குப் பிடிமானம் வேண்டும். தூண் வழவழப்பானது, கைக்குப் பிடிபடாது. அதனால் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். என் தோளில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவார். அந்தக் கனம் இன்றைக்கும் என் வலது தோளில் இருக்கிறது. முன் வரிசையில் நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

ஐம்பத்தாறு மே மாதக் கடைசியில் தாத்தா இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்களில் நொத்தேரும் ஒருவர். பத்திரங்கள் எழுதிப் பதிகிற நொத்தேர் என்றால் அந்நாளில் ஊரில் பெரிய மனிதர். கோயிலில் முதல் வரிசை நாற்காலிக்காரர். தாத்தாவின் சைகோன் காகிதங்களையெல்லாம் சரி செய்து கொடுத்தவர் என்ற வகையில் எங்கள் வீட்டுக்குப் பழக்கம். வெள்ளைக் கோட்டும் கைத்தடியுமாக வந்து, சவப்பெட்டியின் மேல் கை வைத்து நின்றார். அம்மாவைத் தனியாக அழைத்து, "உங்க அப்பா தங்கமான மனுஷன். சாமியார் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதும்மா. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல" என்றார்.

அவ்வளவுதான், அம்மாவுக்குப் போதும். பங்குச் சாமியார் வெள்ளைக்காரர்; ஒல்லியான கிழவர். கோயிலில் அவர் சொல்லாமல் ஒரு மெழுகுவர்த்திகூட இடம் மாறாது என்பது எங்கள் எண்ணம். நாற்காலியை அவர்தான் தூக்கிப் போடச் சொன்னார் என்பதை நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை. அம்மா அந்த நாளோடு அவரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வதை நிறுத்தினாள். தாத்தாவின் நினைவுப் பூசைக்கு எங்கள் கோயிலில் எழுதிக் கொடுக்காமல், வெயிலில் உழவர்கரைக் கோயிலுக்கு எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். ஈஸ்டர் முடிந்ததும் சாமியார் வீடு வீடாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். எங்கள் வாசலுக்கு அவர் வருகிற நேரம் பார்த்து அம்மா கதவைச் சாத்தித் தாழ் போடுவாள். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர், யாரோடும் வம்புக்குப் போகாதவர். "வீட்டுக்கு வர்ற சாமியார இப்படியா பண்றது?" என்று முனகுவார்.

நாங்கள் உள்ளே மூச்சடக்கி நிற்போம். வெளியே சாமியாரின் செருப்புச் சத்தம் நிற்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு மூடிய கதவின் மேல் தீர்த்தம் தெறிக்கும். சின்னத் தூறல் விழுவது போல ஒரு சத்தம். சாத்திய கதவையே அவர் மந்திரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஒவ்வொரு வருஷமும் இதே கதை. அவர் தெருக்கோடி தாண்டியதும் அம்மா துணியோடு வந்து கதவைத் துடைப்பாள்.

ஆனால் நொத்தேருக்கு எங்கள் வீட்டில் ராஜ உபசாரம். வருஷா வருஷம் தாத்தாவின் நினைவு நாளன்று மாலையில் 'விசித்' வருவார். எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் முறையாகப் போய் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவதற்கு அதுதான் பெயர். கோடை வந்தால் போதும், விசித் விசித் என்று தெருவே கஞ்சி போட்ட உடுப்போடு அலையும். நினைவு நாள் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போகக் கூடாது. போனால் செத்தவரை அவமதித்ததாகும். நொத்தேர் இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, பிஸ்கோத்தைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "அந்தச் சாமியார் செஞ்சது அநியாயம்தான்" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு முறை சொல்லிவிட்டுப் போவார். எங்கள் கோபம் ஆறிப்போகாமல் அடுப்பை ஊதிவிட்டுப் போகிற மாதிரி.

அறுபத்தொன்று ஐப்பசியில் சாமியார் இறந்தார். அம்மா அடக்கத்துக்குப் போகவில்லை. புதிதாகத் தமிழ்ச் சாமியார் ஒருவர் வந்தார். பழைய சாமியார் இருந்தவரை, அவர் நடத்தியது என்ற ஒரே காரணத்துக்காக, கோடை முகாமுக்கு அம்மா என்னை அனுப்பியதில்லை. அறுபத்திரண்டு மே மாதம்தான் முதல் முறையாக விட்டாள். காலாப்பட்டில் மீனவர் குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சவுக்குத் தோப்பில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். காலையில் ஞானோபதேசம், பிறகு கடலில் கால் நனைத்தல், மதியம் சோறும் மீன் குழம்பும், சாயங்காலம் பாட்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டை விட்டு வெளியே தூங்கியது அதுவே முதல் தடவை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

நொத்தேரின் பேத்தியும் அங்கே வந்திருந்தாள். என் வயதுதான். அவளோடு எனக்குச் சிநேகிதம் உண்டாயிற்று. சர்க்கரை பூசிய வாதுமைக் கொட்டைகளை டப்பாவில் வைத்திருப்பாள், எனக்கும் தருவாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவளுக்குத் தகராறு. எல்லோரும் மணலில் பாய் விரித்து வரிசையாக உட்கார, அவள் நாற்காலி கேட்டு அடம் பிடிப்பாள். கன்னியாஸ்திரி அம்மா அதட்டி உட்கார வைத்த ஒரு மதியம், என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சா கத்துவாரு. தரையில உக்கார வேண்டியவங்க தரையில உக்காரணும், நாற்காலில உக்காரவேண்டியவங்க நாற்காலிலன்னு சொல்லுவாரு. ஒருத்தன் கோயில்ல நாற்காலி கொண்டாந்து போட்டானாம். தாத்தா கோயில் பிள்ளைய விட்டுத் தூக்கி மழையில போட வெச்சாராம். சைகோன் நாற்காலியாம். புறாகூட செதுக்கியிருந்துச்சாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

அவளும் சிரித்தாள். அது யாருடைய நாற்காலி என்று அவளுக்குத் தெரியாது. என் தட்டில் குழம்பு ஊற்றிய சோறு அப்படியே இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவள் தாத்தாவிடம் போய்ச் சொல்லிவிடுவாள், அவர் உஷாராகிவிடுவார் என்று அந்த வயதிலேயே எனக்குப் புத்தி போயிற்று. முகாம் முடியும்வரை அவளோடு விளையாடினேன், வாதுமைக் கொட்டையும் வாங்கித் தின்றேன். உள்ளே அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"புறான்னா சொன்னா?"

"ஆமாம்மா."

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு, தலையைக்கூடச் சரி செய்யாமல், நேரே கோயில் பிள்ளையின் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கோயிலைக் கூட்டி, மணியடித்து, விளக்கேற்றுகிற அந்தக் கோயில் பிள்ளைக்கு அப்போது கண் மங்கிவிட்டிருந்தது. அம்மா கேட்டதும் அவர் மறைக்கவில்லை. "நொத்தேர் சொன்னாரு, செஞ்சேன். சாமியார் அன்னிக்கு காரைக்கால் போயிருந்தாரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது. வந்து கேட்டப்போ, உங்க அப்பாவே எடுத்துட்டுப் போயிட்டாருன்னு நொத்தேர் சொல்லிட்டாரு. நான் வாய தொறந்தா என் வேலை போயிருக்கும்மா" என்றார்.

திரும்பி வந்த அம்மா வாசலில் நின்று கதவையே பார்த்தாள். ஒவ்வொரு கோடையிலும் தீர்த்தம் தெறித்த கதவு. அவள் ஒவ்வொரு கோடையிலும் துடைத்த கதவு. உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நினைவு நாளைக்கு வருவாரில்ல, வரட்டும்" என்றாள்.

அந்த வருஷம் நொத்தேர் வருவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொடி மாறி ஏழெட்டு வருஷம் கழித்து, ஊரைப் பிரஞ்சுக்காரர்கள் சட்டப்படியும் ஒப்படைத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. நொத்தேர் மகனோடு இருக்கப் பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய் விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

நினைவு நாள் மதியம் அம்மா வீட்டிலிருந்த நாற்காலிகள், முக்காலி, மேசை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். தூக்கிக்கொண்டு போன அப்பா, "ஊர விட்டுப் போற மனுஷன், விட்டுடேன்" என்றார். "போறாரு. அதான் இன்னிக்கே செய்யணும்" என்றாள் அம்மா. கூடத்தைக் கழுவித் துடைத்து நடுவில் ஒரு பாய் விரித்தாள். தாத்தாவின் படத்தை மணைப்பலகையில், தரையோடு தரையாக வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

நொத்தேர் வந்தார். தொப்பியைக் கழற்றினார். படத்துக்குச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"நாற்காலி எதுவும் இல்லியாம்மா?"

"நாங்க தரையில உக்காரவேண்டியவங்கதானே நொத்தேர் ஐயா. உக்காருங்க."

காப்பியையும் பிஸ்கோத்தையும் பாயில் அவருக்கு எதிரே வைத்தாள். குடிக்காமல் போக முடியாது. குனிந்து எடுக்கவும் அவரால் முடியாது. கைத்தடியை ஊன்றி, மூச்சு வாங்க, பாயில் இறங்கி உட்கார்ந்தார். வெள்ளைக் கால்சட்டை முட்டியில் இறுகிப் பிடித்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இன்று நினைத்தாலும் இனிக்கிறது.

அவர் பாதிக் காப்பி குடித்திருப்பார். அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "கோயில் பிள்ளைகிட்ட கேட்டேன்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப காலம் அப்படிம்மா," என்றார் நொத்தேர்.

"காலமா வந்து நாற்காலியத் தூக்குச்சு? அத விடுங்க. எங்க அப்பாவுக்குச் செஞ்சதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பாவமும் அறியாத சாமியாருக்கு நான் கதவச் சாத்தினேன். நீங்க இங்க உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டே சாத்த வெச்சீங்க. அவரு போய்ச் சேந்துட்டாரு. இப்ப நான் யாருக்குப் போய்க் கதவத் தொறக்கிறது?"

நொத்தேர் கோப்பையை வைத்துவிட்டு எழப் பார்த்தார். கைத்தடி வழவழப்பான சிமெண்டில் வழுக்கியது. மறுபடி முயன்றார். ஒரு முழங்காலில் வந்து, அடுத்ததையும் மடக்கி, இரண்டிலுமாக நின்றுவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை. அப்பா தூக்கிவிட ஓரடி எடுத்து வைத்தார். அம்மா பார்த்த பார்வையில் நின்றுவிட்டார். நொத்தேரின் கண்கள் என் பக்கம் திரும்பின. என் தோள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் நகர்ந்து சுவரோடு போய் நின்றேன்.

அம்மா உள்ளே போனாள். தாத்தாவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தாள். புறா அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"பிடிச்சு எழுந்திருங்க. உக்காரத்தான் தர மாட்டேன்."

"எனக்கு வயசாயிடுச்சும்மா," என்றார்.

"எங்க அப்பாவுக்கும் வயசாயிருந்துச்சு. அவரு நின்னாரு."

அவர் மேற்பலகையை இரண்டு கைகளாலும் பற்றினார். தாத்தாவின் நாற்காலி முன்னால் முழந்தாளிட்டு, தலை குனிந்து அந்தப் பெரிய மனிதர் இருந்த கோலத்தை மெழுகுவர்த்திக்குப் பின்னாலிருந்து தாத்தாவின் படம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒருவழியாக எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அடுத்த மாதம் கப்பலேறினார். அம்மா அன்று மாலை நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப் போடும்போது, "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். கல்லறைத் திருநாளன்று பழைய சாமியாரின் கல்லறையைக் கழுவி விளக்கேற்றினாள். சாகும்வரை அதை விடவில்லை.

கதை அங்கே முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். போன ஜனவரியில் அந்தப் பேத்தி வந்தாள். பிரான்சிலிருந்து ஊர் பார்க்க வந்தவள் யாரையோ விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். தலை முழுக்க நரை. தமிழ் கொஞ்சம் தடுமாறினாலும் மறக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"தாத்தா கடைசி வரைக்கும் உங்க வீட்டப் பத்திதான் பேசுவாரு. ஊர விட்டு வரும்போது எல்லாரும் நாற்காலி போட்டு உபசாரம் பண்ணாங்களாம். உங்க அம்மா மட்டும் பாய் விரிச்சு, வீட்டு மனுஷனா கூட உக்கார வெச்சுக் காப்பி குடுத்தாங்களாம். அவ்வளவு மரியாதைய யாரும் குடுக்கலன்னு சொல்லுவாரு. அதுக்கு நன்றி சொல்லணும்னுதான் தேடி வந்தேன்."

சாமியார் மேல் பழி போட்ட அதே வாய், அந்தப் பாயையும் மரியாதையாக மாற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. அம்மா தீர்த்துக்கொண்ட ஒரே பழியையும் கொள்ளையடித்துக்கொண்டு அவர் நிம்மதியாகச் செத்திருக்கிறார். இவளை இப்படியே அனுப்பினால் அந்தப் பொய் இவள் பிள்ளைகளுக்கும் போகும். எதிரே இருப்பவளுக்கு எழுபது தாண்டிவிட்டது, விட்டுவிடலாமே என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. எழுந்து போய் நாற்காலியைத் திருப்பி வைத்தேன். அவள் புறாவைப் பார்த்தாள்.

மழை, கிணற்றடி, தூண், என் தோள், சாத்திய கதவு, காலாப்பட்டு மணல், பாய் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் கடைசியில், "முகாம்ல நானா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள்.

"நீதான். சிரிச்சிக்கிட்டே சொன்ன."

அவள் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் போக வேண்டும் என்றாள். சோபா தாழ்வானது, அவளுக்கும் தாத்தாவைப் போலவே முழங்கால் போயிருந்தது. ஒரு முறை எழ முயன்று மறுபடி உட்கார்ந்தாள். பிடிமானம் தேடி அவள் கை நாற்காலியின் மேற்பலகை வரைக்கும் போய், தொடாமல் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள்.

"பிடிச்சுக்கோ," என்றேன். "எழுந்திருக்கத்தான் அது."